நெட் வர்ற சத்தம்

எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே எங்களுக்கு வாய் வலித்துப்போனது. நம்பத்தான் ஆள் கிடைக்கவில்லை.

மலைமேல் வெள்ளக்கடையில் எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் கிடையாது. டவுனில் புதிதாகக் கட்டுகிற லாட்ஜுகளில் மாட்டுகிறார்கள், ஏசிகூட வைக்கிறார்கள். சேலத்து வெயிலுக்குப் பயந்து குளிரைத் தேடி மேலே வருகிறவர்கள் அறைக்குள் போய் ஏசியைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கம்பளி வேண்டும் என்று மணி அடிக்கிறார்கள். அது அவர்கள் பாடு. எங்களுக்குச் சித்திரையில் கொஞ்சநாள் வியர்க்கும். முந்தானையால் விசிறிக்கொள்வோம். விசிறி முடிப்பதற்குள் மழை வந்துவிடும்.

ஆனால் ஃபேன் மாட்டுகிற கொக்கி ஒன்று இருக்கிறது. வீடு கட்ட வந்த கொத்தனார் மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர். கான்கிரீட் போடும்போது கைப்பழக்கத்தில் நடுவீட்டில் ஒரு கொக்கியைச் சொருகிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் அதில் வாழைத்தாரைக் கட்டித் தொங்கவிட்டோம். எலிக்கு எட்டாது, பூனைக்கு எட்டாது. எனக்கும் எட்டாது என்பதுதான் அதில் ஒரு குறை. மகன் வந்து பறித்துக் கொடுத்தால்தான் எனக்குப் பழம்.

என் மருமகள் எடப்பாடிப் பக்கம். கல்யாணமாகி வந்த அன்று கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க அத்தை, ஃபேன் எங்கீங்க?"

"இரு கண்ணு, தாரைச் சுத்தி உடறேன். காத்து வரும்."

புதுப்பெண் அல்லவா, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வர அவளுக்கு ஒரு வருசம் ஆனது. அன்று சாயங்காலமே பனி இறங்கியது. அவள் ஒரு கம்பளியை எடுத்துப் போர்த்தினாள். அந்தக் கம்பளியை இன்றுவரைக்கும் அவள் முழுதாகக் கழற்றி நான் பார்த்ததில்லை.

இந்தப் பெண் முன்பு சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. நிற்பதுகூட அவளுக்குப் பெரிதாக இல்லை. பஸ்தான் ஆகாது. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. காலையில் இறங்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் ஏறும்போது ஒரு தடவை, வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே போவாள், மடியில் பிளாஸ்டிக் கவர். எந்த வளைவில் அவளுக்குக் குமட்டும் என்று கண்டக்டருக்கே மனப்பாடம். வீட்டுக்கு வந்தால் சோற்றைக் கண்டாலே திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஒரு கட்டத்தில் ஆளே பாதியாகிப்போனாள். கம்பளிக்குள் யாராவது இருக்கிறார்களா என்று தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது.

அப்போதுதான் வீட்டில் உட்கார்ந்தே போன் பேசுகிற வேலை கிடைத்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் கிரைண்டர், மிக்ஸி செய்கிற ஒரு கம்பெனி. ஊர் உலகத்தில் யார் வீட்டு மிக்ஸி மக்கர் செய்தாலும் போன் இவளுக்கு வரும். பொறுமையாகக் கேட்டு, எழுதிக்கொண்டு, ஆள் அனுப்பவேண்டும். ஒரு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி துணிக்கடை, மறுபடி பஸ், மறுபடி எலுமிச்சம்பழம். அந்த ஒரு மாதத்தைத்தான் நான் சொல்லவருகிறேன்.

லேப்டாப் மட்டும் நம்முடையதாக இருக்கவேண்டுமாம். என் மகன் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறான். டவுன் கடையில் சொல்லிவைத்து, ஏற்கெனவே யாரோ வைத்திருந்த ஒரு சின்ன லேப்டாப்பை வாங்கி வந்தான். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன கொஞ்சநாளில் வைத்திருந்த சிலேட்டைவிட அது கொஞ்சம்தான் பெரிது. நெட் வருவதற்கென்று ஒரு வெள்ளைப் பெட்டியை ஜன்னல் மேட்டில் வைத்து, பச்சை விளக்கு எரியவிட்டுப் போனார்கள். மருமகள் காலை நேரமே குளித்து, கட்டிலில் சம்மணம் போட்டு, இடுப்புவரை கம்பளியைச் சுற்றி, மடியில் அதே கம்பளியை மடித்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, இரண்டு காதையும் அடைக்கிற பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "வணக்கமுங்க" என்று ஆரம்பிப்பாள். எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோலத் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள்.

எனக்கு வேறு என்ன சோலி? பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டாம் நாளே ஒன்றைக் கவனித்தேன். அவள் பேச ஆரம்பித்த கொஞ்சநேரத்தில் லேப்டாப்பின் விலாவிலிருந்து உஸ்ஸ் என்று ஒரு சத்தம் கிளம்புகிறது. கூடவே சூடாகக் காற்று வருகிறது. நேரம் ஆக ஆகச் சத்தம் ஏறி, சோற்றுக் குக்கர் விசிலுக்கு முன்னால் இரையுமே, அந்த மாதிரி ஆகிறது. அவள் பேச்சை முடித்து மூடிவைத்தால் கொஞ்சநேரத்தில் அடங்கிவிடுகிறது.

இது என்ன சத்தம்? யோசித்துப் பார்த்தேன். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் விடும்போதும் இப்படித்தான். தண்ணீர் வருவதற்கு முன்னால் உஸ்ஸென்று காற்று வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவோம். இவளுக்கும் ஏதோ வருகிறது, அதனால்தான் இரைகிறது. ஜீப் சாவியோடு வெளியே ஓடிக்கொண்டிருந்த மகனை நிறுத்திக் கேட்டேன்.

"ஏஞ்சாமி, இது நெட் வர்ற சத்தந்தானே?"

"ஆமாம்மா, அதேதாம்மா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான். அவனுக்கு அவசரம். எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் காத்திருப்பார். வாசலில் நிறுத்தி, "நீ என்ற மகந்தானே?" என்று கேட்டிருந்தாலும் அதே வேகத்தில்தான் சொல்லியிருப்பான்.

எனக்கு விசயம் தெரிந்துபோனதில் சந்தோசம். சத்தம் பலமாக வந்தால், நெட் நன்றாக வருகிறது, பிள்ளைக்கு வேலை தடையில்லாமல் நடக்கும் என்று நிம்மதியாக இருப்பேன். சத்தம் குறைந்தால் எனக்குத்தான் கவலை. அந்தச் சூட்டுக் காற்றும் வீணாகப் போகக்கூடாது அல்லவா? மழை விடாமல் பெய்கிற நாளில் விரல் விறைத்துப்போகும். லேப்டாப்பின் விலாவில் இரண்டு கையையும் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்கு முன்னாலேயே எங்கள் சாம்பல் பூனை அங்கே இடம் பிடித்திருக்கும். நான் கையை நீட்டினால் அது முறைக்கும்.

"அத்தை, நான் பேசறப்ப பூனையோட சண்டை போடாதீங்க" என்பாள் மருமகள், ஒரு காதை மட்டும் தூக்கி.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அவள் பேச்சில் ஒரு மாற்றம் தெரிந்தது. எதிர்ப்பக்கம் சொல்வது எனக்குக் கேட்காது. எல்லாம் அவள் காதோடு சரி. இவள் பக்கத்தை மட்டும் வைத்து நான் மீதியைக் கட்டிக்கொள்ளவேண்டும்.

"இல்லீங்க, நான் மிக்ஸி ஓட்டலீங்க."

கொஞ்சநேரம் கழித்து இன்னொருவரிடம்: "இல்லீங்கம்மா, உங்க மிக்ஸி ஓடலைன்னுதானுங்க நீங்க கூப்புட்டீங்க. எங்க மிக்ஸி ஓடலீங்க. ஐயோ, எங்க மிக்ஸி ரிப்பேர்னு சொல்லலீங்க, ஓட்டலைன்னு சொல்றேனுங்க."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையில் சட்னிக்குப் பிறகு எங்கள் வீட்டில் மிக்ஸியைத் தொடவே இல்லை. கேட்கிறவர்களுக்கு எங்கிருந்து கேட்கிறது? அடுத்த வீட்டில் ஓட்டுகிறார்களோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரி காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தாள், கதவில் பூட்டு.

அதற்கப்புறம்தான் சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டது. அவள் வேலையைக் கவனிக்கிறவர். பேசியதை எல்லாம் பதிவுசெய்து வைத்துக் கேட்பார்களாம். ஹெட்போனுக்குள் அவர் என்ன சொன்னாரோ, மருமகள் முகம் வாடிப்போனது.

"மேடம், எங்க ஊட்ல ஃபேனே இல்லீங்க. ஆமாங்க மேடம், ஒண்ணுகூட இல்லீங்க. பொய் சொல்லலீங்க மேடம்."

வைத்ததும் அப்படியே கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போன் பேசும்போது ஃபேன் சத்தம் கேட்கிறதாம். நிறுத்திவிட்டுப் பேசு என்று போன வாரமே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இவள் இல்லாத ஃபேனை எப்படி நிறுத்துவாள்? பேசாமல் இருந்திருக்கிறாள். சொன்னதைக் கேட்காத பெண் என்று அங்கே பேராகிவிட்டது.

"உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா கண்ணு?"

"எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க அத்தை. உங்களுக்கு?" என்றாள் ஹெட்போனைக் கழற்றாமலே.

நான் அண்ணாந்து கொக்கியைப் பார்த்தேன். தார் அசையாமல் தொங்கியது. "ஃபேன் சத்தம் எதுவும் எனக்கும் கேக்கலியே" என்றேன். மடியில் லேப்டாப் இரைந்துகொண்டிருந்தது. அது நெட் வருகிற சத்தம். அதை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

மறுநாள் சூப்பர்வைசர் அம்மா முகம் தெரிகிற மாதிரிக் கூப்பிட்டார். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பேசவேண்டுமாம். மருமகள் ஹெட்போனைப் பிடுங்கிவைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். கண்ணாடி போட்ட முகம், நெற்றியில் சின்னப் பொட்டு. என் மருமகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நம் பக்கத்துப் பேச்சுத்தான்.

"ஏனுங்கம்மா, ஃபேனை நிறுத்தச் சொன்னா, ஃபேனே இல்லைங்கறாங்க உங்க மருமக. நீங்களே சொல்லுங்க."

"இல்லீங்க அம்மிணி. மேல காட்டு கண்ணு, பாத்துக்கட்டும்."

மருமகள் லேப்டாப்பை மல்லாத்திப் பிடித்தாள்.

"அதான் கொக்கி இருக்குதுங்களே!"

"கொக்கி இருக்குது. கொக்கியில தாரு இருக்குது. மலவாழங்க. ஒரு சீப்பு குடுத்தனுப்பட்டுங்களா?"

"ஃபேனைக் கழட்டிட்டுத் தாரைக் கட்டிட்டீங்களாக்கும்?"

"அந்தத் தாருல ஒரு பழம் பறிக்கவே என்ற மகன் வரோணும். ஃபேனை நான் எங்கீங்க கழட்டறது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "இருங்க, இருங்க. இப்பக்கூட கேக்குது பாருங்க. நொம்ப சத்தமாக் கேக்குது. உஸ்ஸுன்னு!"

மருமகளும் நானும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தோம். தார் சுற்றவில்லை.

"ஓ, அதைச் சொல்றீங்களா?" என்றேன் நான். "அது ஃபேன் இல்லீங்க அம்மிணி. அது நெட் வர்ற சத்தமுங்க."

"என்னதுங்க?"

"நெட்டுங்க. நல்லா வர்றப்ப இப்படித்தான் இரையும். நீங்க மொகத்தையெல்லாம் காட்டறதுனால இன்னைக்குக் கொஞ்சம் கூடவே வருது."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. நெட் நின்றுபோனதோ என்று நினைத்தேன். அப்புறம் படம் குலுங்கியது. அந்த அம்மா மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார், அவர்களும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கும்பிடு போட்டேன்.

மருமகள் சிரிக்கவில்லை. லேப்டாப்பைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்கிற நேரமெல்லாம் காதை மூடிக்கொண்டு இருந்தவள். அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்கிறாள்.

"அத்தை, இதுதானுங்க ஃபேனு" என்றாள். "இதுக்குள்ளாற இருக்குதுங்க."

"இத்தனை ஒல்லியிலயா?"

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடிவயிற்றில் மீன் செவுள்மாதிரி வரிசையாகக் கீறல். அதன் வழியாகத்தான் மூச்சு இழுக்கிறது. ஃபேனே இல்லாத வீட்டில் ஃபேன், அதுவும் என் மருமகளின் மடியில், கம்பளி போர்த்திக்கொண்டு. இத்தனை நாள் நான் குளிர் காய்ந்தது அதனிடம்தான்.

சூப்பர்வைசர் அம்மா தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "சிரிச்சதை வெச்சு விட்டுடுவேன்னு நெனைக்காதீங்க. காசு குடுத்து வாங்கினவங்க கூப்புடறப்ப நம்ம பேச்சு தெளிவாக் கேக்கோணும். சனிக்கிழமை நானே கூப்பிட்டுப் பாப்பேன். அன்னைக்கும் சத்தம் இருந்தா, இங்க ஆபீசுக்கே வந்து உக்காந்து பேசறவங்களைத்தான் எடுக்கோணும்."

கோயம்புத்தூருக்கு யார் போவது? போகாவிட்டால் துணிக்கடை. அன்று சாயங்காலம் காய்கறிக்காரரிடம் மருமகள் தனியாகக் கொஞ்சம் எலுமிச்சம்பழம் வாங்கி ஜன்னல் மேட்டில், அந்த நெட் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஊறுகாய்க்கா என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அது பஸ்ஸுக்கு.

மகன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நெட் வர்ற சத்தம்னு சொன்னியே!"

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"நான் சொன்னேன். நீ ஆமான்ன."

"நீ சொல்றதுக்கெல்லாம் நான் ஆமான்னுதானே சொல்லுவேன்" என்றான். அதற்கு மேல் அவனை என்ன கேட்பது?

அவன் லேப்டாப்பின் அடியில் கையை வைத்துப் பார்த்து உதறினான். "வயித்தை அடைச்சுக் கம்பளியில வெச்சா மூச்சு முட்டாதா?" என்று டிவி ஸ்டாண்டைக் காலி செய்து அதில் வைத்தான். சத்தம் குறைந்தமாதிரி இருந்தது. எவ்வளவு குறைந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் ஒரு வழி சொன்னேன். மருமகள் லேப்டாப்பிலிருந்து என் போனுக்குக் கூப்பிடவேண்டும். நான் சமையல்கட்டில் நின்று அந்தப் பக்கத்து ஆளாகக் கேட்கவேண்டும்.

"வணக்கமுங்க, சொல்லுங்க" என்றாள்.

"ஏனுங்க, எங்க மிக்ஸியில என்ற மருமக கையை உட்டுட்டாளுங்க!"

"அத்தை, சத்தம் கேக்குதாங்க?"

"நொம்பக் கேக்குதுங்க!"

"நீங்க கத்தறதுதானுங்க இங்க வரைக்கும் கேக்குது. மெதுவாப் பேசுங்க!"

மெதுவாகப் பேசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவள் குரலுக்குப் பின்னால் ஊ என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. நல்ல மழை பெய்யும்போது தூரத்தில் லாரி ஏறுகிற மாதிரி.

அடுத்தநாள் நான் ஒன்று யோசித்தேன். கொஞ்சமாகக் காப்பிக்கொட்டை காயப்போடுகிறவர்கள் கம்பிவலை அடித்த தட்டில் போடுவார்கள். அடியிலும் காற்று போகும். இதற்கும் அடியில்தானே மூச்சு? வலைத்தட்டைக் கழுவித் துடைத்து, அதை டிவி ஸ்டாண்டில் வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தோம். நான் சமையல்கட்டுக்குப் போனேன். போனைக் காதில் வைத்ததும் தேன்கூட்டுக்குள் தலையை விட்டமாதிரி இருந்தது. கம்பிவலை மொத்தமும் அதிர்ந்து ஙொய் என்கிறது. முன்னால் ஒரு சத்தம், இப்போது இரண்டு.

"அம்மா, உன்ற வைத்தியத்துல நோயாளிக்குப் புதுசா வலிப்பு வந்துருச்சு" என்றான் மகன்.

சாயங்காலம் அவனே தட்டின் நாலு மூலைக்கும் அடியில் கறுப்பாக ஏதோ வெட்டி வைத்தான். அதிர்வு நின்றுபோனது. நன்றாகத்தான் இருக்கிறது என்று சந்தோசப்பட்டு, கொல்லைக்குப் போகச் செருப்பைத் தேடினேன். செருப்பு இருந்தது. இரண்டுக்கும் குதிகாலைத்தான் காணோம்.

"உன்றதுதாம்மா நல்ல கனமான ரப்பரு."

"உன்ற பொண்டாட்டி செருப்பும் கனந்தாண்டா."

"அவ வேலைக்குப் போறவம்மா" என்றான். அதற்கு மருமகள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான். அதனால் செருப்பை மன்னித்துவிட்டேன்.

அப்படியும் முழுதாகப் போகவில்லை. முதல் நாலைந்து போனுக்கு அமைதியாக இருக்கும். அப்புறம் மெல்ல ஏறிவிடும். சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு வார லீவு வந்த அன்று, வாங்கின கடைக்கே கொண்டுபோய்க் காட்டுவது என்று முடிவானது. டவுனுக்குப் போகிற வழியிலும் வளைவு உண்டு. எலுமிச்சம்பழம் இல்லாமல் அவள் வரமாட்டாள். நான் போகிறேன் என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த ஃபேனை ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்று ஆசை. மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் பார்த்தவர்கள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கடைக்காரர் சின்னச் சின்னத் திருகாணியாகக் கழற்றி, அடி மூடியைத் தூக்கினார். எட்டிப் பார்த்தேன். கடையில் தின்னக் கிடைக்கிற எள்ளடை அளவுக்கு ஒரு ஃபேன். நிறைய இதழ் வைத்த கறுப்புப் பூ மாதிரி. எனக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போனது. இத்தனூண்டு இருந்துகொண்டா கோயம்புத்தூர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியது!

"இது எதுக்குங்க சூடாகுது? உள்ள நெருப்பு எதுவும் இல்லியே?"

"அது யோசிக்குதுங்கம்மா. யோசிக்க யோசிக்கச் சூடாகும்."

நான் மகன் தலையில் கையை வைத்துப் பார்த்தேன். "அதான் இவனுக்கு எப்பவும் குளுகுளுன்னு இருக்குது."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இடுக்கியை விட்டு ஃபேனுக்குப் பக்கத்தில், காற்று வெளியேறுகிற வாயில் எதையோ பற்றி இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கம்பளி நூலும் பூனை முடியும் சேர்ந்து அமுங்கி, பட்டையாக, சாம்பலும் சிவப்புமாக ஒரு துண்டு. எங்கள் வீட்டுக் கம்பளியின் சிவப்பு எனக்குத் தெரியாதா?

"ஏனுங்கம்மா, இது உள்ளாற ஸ்வெட்டர் போட்டிருக்குதுங்க" என்றார்.

"அளவு என்னங்க? எனக்குப் பத்துமா?"

எங்கள் வீட்டில் யாரும் குளிருக்குப் போர்த்தாமல் இருந்ததில்லை. இதுவும் போர்த்திக்கொண்டது. போர்த்திக்கொண்டு உள்ளே வேகிறேன், வேகிறேன் என்று இத்தனை நாள் கத்தியிருக்கிறது. நாங்கள் நெட் நன்றாக வருகிறது என்று குளிர் காய்ந்துகொண்டிருந்தோம்.

அவர் தூரிகையால் துடைத்து, சூடாகிற இடத்தில் பழைய பசை காய்ந்துபோயிருக்கிறது என்று சுரண்டிப் புதிதாகத் தடவினார். அப்புறம் மூடி, உயிர் கொடுத்து, உள்ளே எதையோ மாற்றினார். லேப்டாப்பை எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிற மாதிரி வைத்திருந்தார்களாம். போன் பேச அவ்வளவு வேண்டாமாம். "சமதரையில போறதுக்கு ஃபர்ஸ்ட் கியர் எதுக்கு?" என்றான் மகன். அவனுக்கு அது மட்டும் உடனே புரிந்தது.

சனிக்கிழமை காலையிலிருந்தே பனிமூட்டம். எதிர்வீடுகூடத் தெரியவில்லை. மருமகள் டிவி ஸ்டாண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கம்பளி தோளில், லேப்டாப் செருப்பின்மேல் நின்ற வலைத்தட்டில். சத்தமே இல்லை. சத்தம் இல்லாதது எனக்கு ஒருமாதிரியாக இருந்தது.

"நெட் வருதா கண்ணு?"

"வருதுங்க அத்தை. சத்தமில்லாம வருதுங்க."

எனக்காவது சொன்னால் புரியும். பூனைக்கு யார் சொல்வது? அது வழக்கமான இடத்துக்கு வந்து விலாவில் மூக்கை வைத்துப் பார்த்தது. சூடு இல்லை. என்னைப் பார்த்தது, நான்தான் அணைத்துவிட்டேன் என்பதுபோல. வலைத்தட்டில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

வரிசையாகப் போன் வந்தது. மிக்ஸி ஓட்டுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. நான் வாசல் நிலையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"வணக்கமுங்க. கிரைண்டர்ல சத்தமுங்களா? எந்த மாதிரிச் சத்தமுங்க? கர்ருங்குதுங்களா? மாவு போட்டா வருதுங்களா, போடாமயே வருதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மேடம்? நீங்களாங்க மேடம்?"

நான் பூண்டைக் கீழே வைத்தேன்.

"இல்லீங்க மேடம். ரிப்பேர் பாத்தாச்சுங்க. இல்லீங்க, லேப்டாப் சத்தம் போடவே இல்லீங்க. ஃபேன் இல்லீங்க மேடம், சத்தியமாங்க."

மறுபடியும் ஃபேனா? அவள் ஒரு காதைத் தூக்கிவிட்டுக் கேட்டாள். லேப்டாப்புக்கு மேல் குனிந்து கேட்டாள். நானும் எழுந்து வந்து கேட்டேன். கர்ர், கர்ர் என்று மெதுவாக, விட்டு விட்டு. அவள் பார்வை தட்டின் ஓரத்துக்குப் போனது.

"அது பூனைங்க மேடம்."

அந்தப் பக்கம் ஏதோ சொல்கிறார்.

"நெசமாலுமேங்க. தூங்குதுங்க. அதுதானுங்க கர்ருங்குது. இருங்க மேடம், பக்கத்துல வெக்கறேன், நீங்களே கேளுங்க" என்று ஹெட்போனில் வாய்க்கு நேரே நிற்கிற குழலைப் பூனையின் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். பூனை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டது.

மருமகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருபது வளைவும் இருந்தது.

நான் பூண்டுக் கையோடு பூனையின் தாடைக்கு அடியில் சொறிந்துகொடுத்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பூண்டு வாசம் அதற்குப் பிடிக்காது. புதன்கிழமை மீன் தலை யார் போட்டது என்று அதன் காதில் கேட்டேன். காதுக்குப் பின்னால், அதற்கு எங்கே பிடிக்குமோ அங்கே சொறிந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கர்ர் என்று ஆரம்பித்தது. நான் நிறுத்தினால் நிறுத்தியது, சொறிந்தால் போட்டது.

மருமகள் குழலை மறுபடி தன் வாய்க்குக் கொண்டுபோனாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரீங்க மேடம்" என்றாள். மறுபடி கேட்டாள். "சரீங்க. நொம்ப நன்றிங்க மேடம்." ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"என்ன சொல்லுச்சு?"

"வேலை நேரத்துல பூனையை இந்தப் பக்கம் விடக்கூடாதாமுங்க அத்தை."

"அப்பறம்?"

"அவ்வளவுதானுங்க."

"அவ்வளவுதான்னா? பஸ்ஸு?"

"பஸ் வேண்டாமுங்க" என்றாள். சொல்லும்போதுதான் அவளுக்கே அது புரிந்தமாதிரி இருந்தது. முகத்தைக் கம்பளியில் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா மலவாழப்பழம் எப்ப வரும்னு கேக்கறாங்க" என்றாள்.

ஜன்னல் மேட்டிலிருந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை அன்று மதியம் நான் ரசத்தில் பிழிந்தேன். மீதியை ஊறுகாய் போட்டேன். அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் காலையானால் அவள் வேலையை ஆரம்பிப்பாள். நான் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவேன். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். அடுப்பு அணைந்த நேரமாக இருந்தால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. மகன் எனக்குப் புதுச்செருப்பு வாங்கித் தந்தான். பூனைக்கு யாரும் ஒன்றும் வாங்கித் தரவில்லை.

நேற்று மழை. பூனையைக் காணோம் என்று தேடினேன். ஜன்னல் மேட்டில், பச்சை விளக்கு எரிகிற அந்த வெள்ளைப் பெட்டியின்மேல் அமுங்கி உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். பெட்டி இதமாக, பால் ஆறினமாதிரிச் சூடாக இருந்தது. சத்தம் துளிகூட இல்லை. அப்படியானால் நெட் உண்மையில் இங்கேதான் வருகிறது. இன்னொரு கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே மருமகள் யாரிடமோ, "ஏனுங்க, நீங்க பேசறது விட்டு விட்டுக் கேக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பூனையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.